எறிபொருள் கிட்டின் கையேட்டில் தவறான சூத்திரம்: திருத்தித் தரக் கோருதல்

அனுப்புநர்: வாடிக்கையாளர், காரைக்குடி
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக, குண்டை எறிந்து அதன் வேகத்தைக் கணக்கிடும் உங்கள் எறிபொருள் கிட்டை வாங்கினேன். பில் நகலை இணைத்துள்ளேன். ஸ்பிரிங், குண்டு, கோணமானி எல்லாம் தரமானவை. அதில் எனக்குக் குறையில்லை. குறை, கூட வந்த கையேட்டில்.

குண்டை எறியும் லாஞ்சரை மேசை விளிம்பில் பொருத்தித் தரையில் குண்டு விழச் செய்யுமாறு கையேட்டில் படம் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே தந்திருக்கும் சூத்திரமோ, எறிந்த மட்டத்திலேயே குண்டு வந்து விழுந்தால்தான் பொருந்தும்: நெடுக்கத்தை, அதாவது குண்டு போய் விழுந்த கிடைத் தூரத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, இரட்டைக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து வேகத்தைக் காண்பது. மேசை உயரத்துக்கு அதில் இடமே இல்லை.

எங்கள் வீட்டு வளவில்தான் செய்து பார்த்தோம். ஆத்தங்குடிக் கல் தெறித்துவிடும் என்று அப்பத்தா சத்தம் போட்டதால் சாக்கு விரித்து, அதன்மேல் கார்பன் தாள் வைத்தோம். குண்டு புறப்படும் இடம் தரையிலிருந்து 75 செ.மீ. முதல் பல்லில் ஸ்பிரிங்கை மாட்டினால் வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்று உங்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. 30 பாகையில் குண்டு 2.23 மீட்டர் போனது, 45-இல் 2.19, 60-இல் 1.76. உங்கள் சூத்திரத்தில் போட்டால் வேகம் முறையே 5.0, 4.6, 4.5 என்று வருகிறது. ஒரே ஸ்பிரிங், ஒரே பல், மூன்று வேகமா? 45 பாகையில்தான் அதிக தூரம் போகும் என்ற உங்கள் வரியும் இந்த உயரத்தில் பொய்த்துப்போகிறது. அட்டவணையில் 0 பாகைக்கும் ஒரு வரிசை விட்டிருக்கிறீர்கள். சைன் மதிப்பு சுழியாகி, கால்குலேட்டர் எரர் காட்டுகிறது!

போனில் கேட்டதற்கு, "காற்றுத் தடை சார்" என்றார் உங்கள் ஊழியர். காற்றுத் தடை தூரத்தைக் குறைக்கும். அப்படியானால் கணக்கில் வேகமும் குறைந்துதானே வர வேண்டும்? இங்கே கூடியல்லவா வருகிறது. மேசை மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போதும் குண்டு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கூடுதல் தூரத்தையும் உங்கள் சூத்திரம் வேகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

கிடையாக எறிந்தும் பார்த்தோம். 75 செ.மீ. விழ 0.39 நொடி ஆகும். குண்டு போன தூரம் 1.56 மீட்டர். வகுத்தால் 4.0. பெட்டியில் போட்டிருப்பது சரிதான். கோணத்தோடு செய்ய வேண்டுமானால் உயரத்தையும் சேர்த்த இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்குள் என் மகள், தான் அளந்ததுதான் தப்பு என்று நினைத்து, விடைக்குத் தோதாக அளவுகளை அழித்து எழுதத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் இது. கண்காட்சி நடுவராக எந்த விஞ்ஞானி வந்து உட்காருவாரோ, தெரியாது.

திருத்திய கையேட்டை எனக்கு மட்டுமல்ல, இந்தக் கிட்டை வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். முடியாதென்றால் கிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கையேட்டுப் பக்கத்தின் படம், எங்கள் அளவீட்டு அட்டவணை