எரர் மட்டும் போதாது, சேகர்

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காந்தி நகர் வரை நடந்தே போய் வருகிறார். கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. நம் கணக்கு வாத்தியாரை லாங்கு பஜாரில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். ஒரு போன் போட்டுப் பேசு, சந்தோஷப்படுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாக் (புரோகிராம் ஓடும்போது எழுதிவைக்கும் குறிப்பு வரிகள்) செலவு எகிறிவிட்டது என்று எல்லா சர்வீஸிலும் எரர் தவிர மற்றதை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. என்ன உடைந்தது என்பதை எரர் வரி சொல்லிவிடும். உடைவதற்கு முன் என்ன நடந்தது என்பது சாதாரண நடப்பைச் சொல்லும் இன்ஃபோவிலும் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும் டீபக்கிலும்தான் கிடக்கும். அதை மூடிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு எதை வைத்துத் தேடுவாய்?

இப்படி லாக்கை அவசரத்துக்கேற்ப எரர், இன்ஃபோ, டீபக் என்று லெவல் லெவலாகப் பிரிப்பதே பழைய பழக்கம். 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளுக்காக எழுதிய சிஸ்லாக் என்ற லாக் முறையிலிருந்து வருகிறது. அதில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள், 0 என்றால் மிக அவசரம், 7 என்றால் டீபக். லாக் போன்றவற்றைத் திரட்டுவதற்கான பொதுத் தரமான ஓப்பன்டெலிமெட்ரியில் இது தலைகீழ்: 1 முதல் 24 வரை, எண் ஏற ஏற ஆபத்து. இரண்டிலிருந்தும் லாக் வாங்கும் இடத்தில் ஒரே எண்ணை வைத்து ஃபில்டர் எழுதினால் வேண்டியது போய் வேண்டாதது வந்து நிற்கும். உங்களிடம் இரண்டும் இருப்பதால் இதை ஒருமுறை சரிபார்த்துவிடு.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. எழுதும்போதே ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து எழுதாத லாக்கை எந்த ஃபில்டராலும் காப்பாற்ற முடியாது. நாங்கள் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு ஆர்டர் மென்பொருள் எழுதுகிறோம் அல்லவா, அதிலிருந்தே காட்டுகிறேன். முன்பு ஒரு வரி இப்படி இருக்கும்: “ஆர்டர் 4711 தைக்கும் பிரிவில் பதிவாகவில்லை, 3 முறை முயன்றாயிற்று.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 4711 என்று தேடினால் அந்த எண் வரும் விலை, போன் நம்பர், பார்கோடு எல்லாம் வந்து குவியும். இப்போது அதே வரி: நிகழ்வு=பதிவு தோல்வி, ஆர்டர்=4711, பிரிவு=தையல், முயற்சி=3. ஆர்டர் 4711 மட்டும், அதிலும் முயற்சி 2-க்கு மேல் போனது மட்டும் என்று கேட்டால் அதுவே வரும்.

அடுத்தது ஸ்பேன், அதாவது ஒரு வேலை தொடங்கி முடியும் வரையிலான பகுதியின் பதிவு. ஒரு ஆர்டரின் வேலை தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்பேனைத் திறந்து ஆர்டர் எண்ணை அதில் வைத்துவிட்டால், உள்ளே நடப்பதெல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தே வரும். ஒவ்வொரு வரியிலும் மறுபடி எழுத வேண்டியதில்லை. ரஸ்ட் மொழியின் டிரேசிங் லைப்ரரியில் உள்ள என்வ்ஃபில்டர் என்ற ஃபில்டர் எனக்குப் பிடித்ததே இதனால்தான். பொதுவாக இன்ஃபோ, தையல் மாட்யூலுக்கு டீபக், ஆர்டர் ஸ்பேனில் எண் 4711 ஆக இருந்தால் அதற்குள் டீபக்கை விடவும் நுணுக்கமான டிரேஸ் லெவல் வரைக்கும்: இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். எது அதிகக் குறிப்பாக இருக்கிறதோ அது ஜெயிக்கும். மற்ற ஆயிரம் ஆர்டர்கள் அமைதியாக ஓடிக்கொண்டிருக்க, சிக்கிய ஒரே ஆர்டர் மட்டும் முழுக் கதையையும் சொல்லும். ரீலோடு வசதியையும் சேர்த்துக்கொண்டால் சர்வரை நிறுத்தாமலே ஃபில்டரை மாற்றலாம். மறுபடி டிப்ளாய் செய்தால்தான் மாறும் என்கிற ஃபில்டர் அவசரத்துக்கு உதவாது என்பது என் கருத்து.

ஒன்றைக் கவனி. செலவைக் குறைக்க கம்பைல் நேரத்திலேயே டீபக்கையும் டிரேஸையும் வெட்டிவிடும் வசதியும் அதில் உண்டு. அப்படி வெட்டியதை ஓடும்போது எந்த ஃபில்டர் போட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெட்டத் தேவையும் பெரும்பாலும் இல்லை. ஃபில்டர் வேண்டாம் என்று சொன்ன இடத்தை அந்த லைப்ரரி நினைவில் வைத்துக்கொள்கிறது, வரியை உருவாக்கும் வேலையே நடப்பதில்லை.

செலவுக் கவலை நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வழி வேறு. ஸ்க்ரீனுக்கு ஒரு ஃபில்டர், ஃபைலுக்கு ஒன்று, லாக்கைத் திரட்டும், நாம் காசு கட்டும் கலெக்டர் புரோகிராமுக்கு ஒன்று என்று தனித்தனியாக வை. டிரேஸ்களுக்கு (இங்கே லெவல் அல்ல, ஒரு ரெக்வெஸ்டின் ஸ்பேன்கள் எல்லாம் சேர்ந்த முழுப் பதிவு) சாம்பிளிங், அதாவது சிலவற்றை மட்டும் எடுத்து வைப்பது, இருக்கிறது. கூகுள் தன் டிரேஸ் அமைப்பான டாப்பரைப் பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே 1024-க்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தொடக்கத்திலேயே முடிவு செய்தால், பின்னால் உடையப் போகிற ரெக்வெஸ்ட் தவறிப் போகலாம். உங்களுடையது பேமெண்ட் சம்பந்தப்பட்டது, அதனால் டெயில் சாம்பிளிங் பார். டிரேஸின் ஸ்பேன்கள் வந்து சேரட்டும் என்று குறிப்பிட்ட நேரம் கலெக்டர் கையில் வைத்திருந்து, எரர் வந்ததையும் தாமதமானதையும் முழுதாக வைத்துக்கொண்டு மற்றதில் கொஞ்சம் மட்டும் எடுக்கும். ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டரில் காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால், 30 நொடி. அதுவரை எல்லாம் மெமரியில் இருக்கும், அதற்குத் தயாராக இரு. கலெக்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒரே டிரேஸின் ஸ்பேன்கள் எல்லாம் ஒரே கலெக்டருக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பாதியைப் பார்த்து முடிவெடுக்கும்.

அப்புறம், வாடிக்கையாளர் போன் நம்பரை ஃபில்டரில் மறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அதை லாக்கில் எழுதவே கூடாது.

பேமெண்ட் சர்வீஸிலிருந்து தொடங்கு. இப்போதுள்ள கான்ஃபிக் ஃபைலை அனுப்பி வை, உட்கார்ந்து பார்த்துக் குறித்துத் தருகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருவாய் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தால் லேப்டாப்பையும் எடுத்து வா.

அன்புடன்,
ரவி