பிரியாவிடை மலர்: குறிப்பு எழுதும் உயர்தர வகுப்பு மாணவர் கவனத்துக்கு

வணக்கம். வகுப்புத் தோழர்களைப் பற்றி வந்த குறிப்புகளைப் பார்த்தேன். பாதிப்பேர் 'அமைதியானவர், பழக இனியவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். இது கல்யாண விளம்பரம் இல்லையே! திருகோணமலை டச்பே கடற்கரை மணலில் பந்து அடித்துக்கொண்டே பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு முதல்நாள் தொண்டை கட்டியும் மேடை ஏறியவள் என்று ஆளைக் காட்டுங்கள்.

லட்சியத்துக்கு டொக்டர், எஞ்சினியர் மட்டும் போதாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்க ஆசைப்படுபவரும், அப்பாவின் வள்ளத்தைப் பொறுப்பெடுக்கப் போகிறவரும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் வரும்போது வரட்டும்.

சரி, ஆளுக்கு ஐந்து வரி, ஒரு படம். ஞாயிறு இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் தொலைந்துவிடும்.