இட்லிக்கு ஊசி போட்டாயா?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய குட்டியின் படம் பார்த்தோம். பூனைக்கு யாராவது இட்லி என்று பேர் வைப்பார்களா என்று அம்மா சிரித்தாள். தினமும் பால் வைக்கச் சொல் என்றாள். வைக்காதே. பால்குடி மறந்த பூனைகள் நிறையவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு போகும். நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நம் வீட்டுப் பூனை சுப்பி ஞாபகம் இருக்கிறதா? நீ நாலாவது படித்தாய். திடீரென்று சாப்பாட்டை வெறுத்து, மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. அப்புறம் முற்றத்தில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டபடியே உட்கார்ந்திருந்தது. மூக்குக்கு நேர் கீழே தண்ணீர், ஒரு வாய் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் மருந்து வைத்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். அவர் வீட்டுக் கருவாட்டைச் சுப்பி தூக்கியது உண்மை. அன்றோடு அவரிடம் பேச்சு இல்லை. போன வருஷம் அவர் இறந்தபோதுகூட வாசலோடு நின்றுவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் கன்றுக்குட்டியை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனபோது, உன் பூனைப் பேச்சு வந்து, டாக்டரம்மாவிடம் இதையும் சொன்னேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். "ஊசி போட்டிருந்தீர்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போது அது பூனைகளுக்கு வரும் பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர் முன்னால் அப்படி உட்காரும், குடிக்காது. எல்லோரும் விஷம் என்றுதான் நினைப்பார்கள்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. கன்றுக்கு என்ன மருந்து எழுதினார் என்பதையே மறுபடி போய்க் கேட்டு வந்தேன்.

அதனால் கேள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. இந்த நோயோடு பூனைகளுக்கு வரும் இரண்டு வகைச் சளிக்கும் ஒரே ஊசிதான். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தனியாக. நாலாவது மாடி, வெளியே விடுவதே இல்லை என்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். உங்கள் செருப்பில் வரும் சார் என்றார். கிருமி ஒரு வருஷம்கூடச் சாகாமல் கிடக்குமாம். பினாயிலுக்கெல்லாம் அது மசியாது, பூனைக்குத்தான் பினாயில் ஆகாது.

வயிற்றுப் பூச்சி மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தெள்ளுப்பூச்சி வந்தால் உன் தோழி நாய்க்கு வைத்திருக்கும் மருந்தை எடுத்துத் தடவாதே, நாய் மருந்து சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் நுணுக்கிக் கொடுப்பதும் அப்படித்தான், ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. இட்லி பெட்டை என்கிறாய். நாலு மாதத்திலேயேகூடச் சினைப்பட்டுவிடலாம், கருத்தடையைப் பற்றி முதல் ஊசியன்றே கேட்டுவிடு.

வேப்பேரியில் இருக்கிற, 1903இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியின் ஆஸ்பத்திரி உனக்குத் தூரமில்லை. சனிக்கிழமை காலையிலேயே போய்விடு. பையில் திணித்துத் தூக்கிப் போகாதே. சுப்பியை ஒருதரம் சாக்கில் போட்டுத் தூக்கிய தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. மூடியுள்ள கூடை ஒன்று வாங்கி, அது படுக்கிற துணியை உள்ளே விரித்து, திறந்தபடி நாலைந்து நாள் வீட்டிலேயே போட்டு வை. தானாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்துவிடும்.

ஊசி அட்டையில் எடையும் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பு. எதிர்வீட்டு அம்மாவுக்குப் பூனை என்றால் பிரியம், இட்லி படத்தைக் காட்டினேன். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். சுப்பி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

அப்பா