வரி விளம்பரத்தில் ஆர்.சி. முடியும் நாளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் "2010 மாடல், இரண்டாவது ஓனர், சிறு வேலை உண்டு, 75,000 ரூபாய்" என்று கண்ட காரை உடனே வாங்கிவிட வேண்டுமென்று என் மருமகன் துடித்தார். பசுந்தேயிலை விற்று வரும் காசை நம்பிக் கடன் வாங்கும் குடும்பம் என்பதால், மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு நானும் உடன் சென்றேன்.

சிறு வேலை என்பது கிளட்ச் பிளேட்டும் முன்சக்கர பிரேக் பேடும்தான் என்றார் விற்பவர். மலைப்பாதையில் ஓடிய வண்டியில் இவை தேயாமல் இருந்தால்தான் வியப்பு. மேலும், இன்ன தொகை என்று சொன்னால் அதற்குள் முடிந்துவிடுகிற வேலை. முதல்நாள் நாங்கள் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்ததால், அது குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்க மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றோம். பனிக்காலத்து விடியலில் கோத்தகிரியில் எந்த வண்டியைக் கிளப்பினாலும் வெள்ளைப் புகை வரும். அது வெறும் நீராவி, சற்று நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால்தான் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று பொருள். இந்த வண்டியில் அது இல்லை. குஞ்சப்பனை வரை இரண்டாம் கியரிலேயே இறக்கி, திரும்பும்போது ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை. மருமகன் முன்பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் ஓட்டுநர் இருக்கையின் முன் விரித்திருந்த ரப்பர் மேட்டை மெக்கானிக் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டியதும் தரைத்தகடு அப்பளம் போல நொறுங்கி, கீழே புல் தெரிந்தது. மழையிலும் மூடுபனியிலும் கூரையின்றி ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் துரு அது. வெல்டிங் வைப்பதற்குக்கூட ஓரத்தில் நல்ல தகடு மிஞ்சியிருக்க வேண்டும் என்றும், முழுக்கப் பிரிக்காமல் செலவைச் சொல்ல முடியாது என்றும் அவர் கைவிரித்துவிட்டார். விற்பவரும் அறியாமலே வாங்கியிருக்கலாம். ஆனால் வண்டியில் அந்த மேட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, வாங்கிப் பார்த்தால், அதன் 15 ஆண்டுக் காலம் முடிய நான்கே மாதங்கள் இருந்தன. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. இவற்றையெல்லாம் கட்டினாலும் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டித் தேற வேண்டும். தரையில் ஓட்டை உள்ள காரை எந்தத் துணிவில் கொண்டுபோய் நிறுத்துவது? வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். மருமகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மாடல் ஆண்டும் விலையும் அச்சிடும் தங்கள் விளம்பரப் பகுதியில், ஆர்.சி. எந்த மாதம் முடிகிறது என்பதையும் விற்பவரிடம் கேட்டு ஒரு சொல்லாகச் சேர்த்தால், இங்கிருந்து வண்டி பார்க்க அலைபவர்களுக்குப் பேருந்துச் செலவாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.