தங்கைக்கு ஒரு கடிதம்: உன் ஸ்டீம் ஐடி எது, எங்கே இருக்கிறது?

அன்புள்ள தங்கைக்கு,

விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் உதவிக் குழு, கணினி விளையாட்டுகளை வாங்கி விளையாடும் தளமான ஸ்டீமில் உனக்குள்ள ஐடியைக் கேட்டதாகவும், அவர்கள் கேட்பது எதுவென்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஸ்டீம் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பல அடையாளங்கள் உண்டு. அவற்றுள் எதைத் தாராளமாகத் தரலாம், எதைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அறியாமல், தர வேண்டியதை மறைத்து, மறைக்க வேண்டியதை எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். நீயும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடவுச்சொல்லுடன் சேர்த்து நீ தட்டச்சு செய்கிறாயே, அது கணக்குப் பெயர். தொடக்கத்தில் வைத்த அந்தப் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. நண்பர்கள் பட்டியலில் தெரிவது ப்ரொஃபைல் பெயர். அதை விரும்பியபோதெல்லாம் மாற்றலாம், ஒரே பெயரை எத்தனை பேர் வைத்துக்கொண்டாலும் தடையில்லை. உன்னிடம் கேட்கப்பட்டது இவ்விரண்டும் அல்ல. 7656119 என்று தொடங்கும் 17 இலக்க எண் ஒன்று உன் கணக்குக்கு உண்டு. ஸ்டீம் ஐடி என்று சொல்வது அதைத்தான். நீ பெயரை மாற்றினாலும், படத்தை மாற்றினாலும், மின்னஞ்சலையே மாற்றினாலும் அந்த எண் மாறாது.

அதைக் காண்பது எளிது. கணினியில் ஸ்டீமைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உன் பெயரைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் கணக்கு விவரங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்தால், திறக்கும் பக்கத்தின் தலைப்பில் கணக்குப் பெயரும் அதன் கீழே சிறிய எழுத்தில் அந்த எண்ணும் இருக்கும். அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பிவிடாதே. கணக்குப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அதே பக்கத்தில் இருப்பதால், எண்ணை மட்டும் நகலெடுத்து அனுப்புவதே முறை.

பிரவுசரில் ப்ரொஃபைல் பக்கத்தைத் திறந்து முகவரியைப் பார்ப்பது இன்னொரு வழி. முகவரியில் 'ப்ரொஃபைல்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் வருவது அதே எண்தான். நீ தனிப்பயன் முகவரி அமைத்திருந்தால் எண்ணுக்குப் பதிலாக 'ஐடி' என்ற சொல்லும் அதன் பின் நீ வைத்த பெயரும் தோன்றும். அங்கே ஐடி என்று எழுதியிருப்பதைப் பார்த்து அந்தப் பெயரையே ஸ்டீம் ஐடி என எண்ணிவிடுகிறார்கள். அது மாற்றக்கூடிய ஒரு பெயர் மட்டுமே.

சில இடங்களில் குறுகிய எண்ணைக் கேட்பார்கள். கணினி எந்த எண்ணையும் பிட் எனப்படும் 0, 1 இலக்கங்களால் எழுதுகிறது. அப்படி எழுதினால் 17 இலக்க எண் 64 பிட் கொண்டது. அதன் கடைசி 32 பிட்கள்தாம் உன் கணக்கின் சொந்த எண், மற்றவை கணக்கின் வகை முதலியவற்றைக் குறிப்பவை. ஆகவே நீண்ட எண்ணிலிருந்து 76561197960265728 என்பதைக் கழித்தால் குறுகிய எண் கிடைக்கும். ஆனால் எக்செல் போன்ற விரிதாளில் இந்தக் கழித்தலைச் செய்யாதே. அது 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொண்டு கடைசி இரண்டையும் பூஜ்ஜியமாக்கிவிடும், விடை வேறொருவருடைய கணக்கைச் சுட்டும். நண்பரைச் சேர்க்கும் பக்கத்தில் நண்பர் குறியீடு என்று ஸ்டீமே காட்டுவது இந்தக் குறுகிய எண்தான் என்பதால் கழிக்க வேண்டிய தேவையே இல்லை. டோட்டா 2 விளையாட்டில் காண்பதும் இதுவே.

பழைய கணினியிலிருந்து விளையாட்டுச் சேமிப்புகளை எடுத்துவர வேண்டும் என்றாயே, அதற்கும் இந்த எண்கள்தாம் வழிகாட்டி. ஸ்டீம் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் 'யூசர்டேட்டா' என்றொரு ஃபோல்டர் உண்டு. அதனுள் கணக்குக்கு ஒன்றாகக் குறுகிய எண்ணே பெயராக அமைந்த ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றுள் விளையாட்டுக்கு ஒன்றாக மேலும் எண்கள் இருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்றால் 730. எல்டன் ரிங் போன்ற சில விளையாட்டுகள் வேறிடத்தில், 17 இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் சேமிக்கின்றன. அந்தக் கணினியை அண்ணனும் பயன்படுத்தியதால், எந்த ஃபோல்டர் உன்னுடையது என்பதை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நகலெடு.

இந்த எண்ணைப் பிறருக்குத் தர அஞ்ச வேண்டாம். உன் ப்ரொஃபைலைப் பார்க்கும் எவரும் அதை அறிய முடியும். அதை வைத்து மட்டும் எவரும் உள்நுழைய முடியாது. கடவுச்சொல்லையும், உள்நுழையும்போது கேட்கப்படும் ஸ்டீம் கார்டு (Steam Guard) பாதுகாப்புக் குறியீட்டையும் மட்டும், கேட்பவர் தம்மை ஸ்டீம் ஊழியர் என்று சொல்லிக்கொண்டாலும், ஒருபோதும் தராதே. பெயரையும் படத்தையும் நகலெடுத்து உன் தோழியைப் போலவே ஒருவர் பேச வந்து விளையாட்டுப் பொருள் ஏதேனும் மாற்றிக்கொள்ளக் கேட்டால், அவருடைய எண்ணை உன் பட்டியலில் உள்ள தோழியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார். பெயரையும் படத்தையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது.

உதவிக் குழுவுக்கு இன்றே எழுதிவிடு. நீண்ட எண்ணைக் கைப்படத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டு. விளையாட்டின் பெயரையும், சிக்கல் எழுந்த நாளையும் சேர்த்துக் குறிப்பிடு. சேமிப்புகளை நகர்த்தும்போது எங்கேனும் தடை வந்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா