கால் இழந்து போரிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்கள் எழுதும் நன்றி மடல்

அன்புடையீர்,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் எங்களை விட்டுவிடாதவர்களுக்கு இந்த நன்றி.

முதலில் பிசியோதெரபிஸ்டுகளுக்கு. கிரேப் பேண்டேஜை வளையமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைபட்டு ஸ்டம்பின், அதாவது வெட்டியபின் மிஞ்சியிருக்கும் காலின், நுனி வீங்கும். எட்டுப் போடுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் இறுக்கி, மேலே போகப் போகத் தளர்த்திச் சுற்ற வேண்டும். எங்கள் கையைப் பிடித்தே பழக்கினீர்கள். வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது பாசம்தான். ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிப்போனால் செயற்கைக் காலில் நடப்பதே சிக்கலாகிவிடும். அதையும் கோபப்படாமல் புரியவைத்தீர்கள்.

செயற்கைக் கால் செய்து தந்தவர்களே, முதல் சில மாதங்களில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும், ஸ்டம்பை உள்ளே நுழைக்கும் குழியான சாக்கெட், காலையில் சரியாக இருந்தாலும் சாயங்காலம் ஆடும் என்று முன்பே சொன்னீர்கள். ஆடினால் ஸ்டம்பின் மேல் ஒரு சாக்ஸ் கூடுதல். சாக்ஸ் அடுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தால் புது சாக்கெட். காலைக் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷத்தில் மறைகிற சிவப்பு பரவாயில்லை. மறையாத இடம்தான் நாளைக்குப் புண்ணாகும்.

இல்லாத பாதத்தில் எரிகிறது என்றபோது யாரும் அதைப் பிரமை என்று தள்ளவில்லை. 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சியைக் கற்றுத் தந்தீர்கள்: நீளக் கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலை மெல்ல அசைத்து, அதன் பிம்பத்தையே பார்ப்பது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. பலித்தவர்களுக்கு அது பெரிய வரம்.

மனநல ஆலோசகர்களுக்குத்தான் கடன் அதிகம். கெட்ட கனவில் அலறுகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்கக்கூடாது, எதிரி என்று நினைத்துக் கை ஓங்கிவிடுவார். விளக்கைப் போட்டு, எட்டி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டில்தான் இருக்கீங்க" என்று சொல்ல வேண்டும். தூக்கத்துக்காகக் குடிக்கிற குடி பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நாங்கள் கேட்கவே நடுங்கிய கேள்வி அது. மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

சுவரில் முதுகு சாய்த்து வாசலைப் பார்த்தபடி உட்கார இடம் மாற்றிக் கொடுத்த முதலாளிகளுக்கும், வெடி வெடிக்கும் முன் வந்து சொல்லிவிட்டுப் போகும் அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும், அவரிடம் சொல்லிவைத்து, ஜன்னலைச் சாத்திவிடுவோம். இனியும் அப்படியே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குடும்பத்தினர்