கார்வின் ஜேம்ஸ் கேட்டது அதிகமா?

வேல்ஸ் ரக்பி யூனியன் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வரும்போதெல்லாம், 1974-ல் உங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கடிதம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தேசிய அணிப் பயிற்சியாளர் பொறுப்புக்கு என் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று ரக்பி பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ் எழுதிய கடிதம் அது.

கெவ்னெய்தின் என்ற சுரங்கக் கிராமத்தில், நிலக்கரித் தொழிலாளியின் வீட்டில் 1929-ல் பிறந்தவர் அவர். வேல்ஸ் அணிக்காக ஆடியது இரண்டே ஆட்டங்கள், இரண்டும் 1958-ல். அவர் வழக்கமாக ஆடிய, அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் பத்தாம் எண் இடத்தில் அப்போது கிளிஃப் மார்கன் இருந்தார். சரி, மார்கனைத் தாண்டி யார் உள்ளே வர முடியும்?

வேல்ஷ் மொழி ஆசிரியராக இருந்துகொண்டேதான் பயிற்சியாளரானார். 1971-ல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியை நியூசிலாந்துக்கு அழைத்துப் போனார். நான்கு டெஸ்ட், இரண்டில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஒன்று டிரா. அந்த மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது இன்றுவரை அந்த ஒரு முறைதான். அடுத்த வருடம் அக்டோபர் 31, ஸ்ட்ரேடி பார்க் மைதானம். அவர் பயிற்சி கொடுத்த வேல்ஸின் லனெல்லி கிளப், அதே நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸை 9-3 என்று சாய்த்தது. ஒரு நாடே திணறுகிற அணியை ஓர் ஊர் கிளப் வென்றது.

1973 ஜனவரியில் கார்டிஃபில், பல அணிகளின் வீரர்களை அழைத்துச் சேர்க்கும் பார்பேரியன்ஸ் அணி ஆல் பிளாக்ஸோடு மோதிய ஆட்டம். பத்தாம் எண்ணில் ஆடிய பாரி ஜான் ஓய்வுபெற்றுவிட்டார், அவர் இடத்தில் பதற்றத்தோடு நிற்கிறார் பில் பென்னட். டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்த கார்வின், லனெல்லியில் ஆடுவது போலவே ஆடு, உன் சைட்ஸ்டெப்பை உலகம் பார்க்கட்டும் என்ற பொருளில் அவரிடம் பேசினார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் பென்னட் தன் கோல்போஸ்ட் அருகே பந்தை எடுத்தார். உதைத்து வெளியே தள்ளுவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். திரும்பினார், ஒருவரை ஏமாற்றினார், இன்னொருவரை, மறுபடியும் ஒருவரை. கை மாறி மாறிப் போன பந்தோடு மறுமுனையில் கேரத் எட்வர்ட்ஸ் பாய்ந்து விழுந்து புள்ளி எடுத்தார். நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த முதல் திருப்பத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. அதற்கு வர்ணனை சொன்ன குரல் கிளிஃப் மார்கனுடையது.

இப்படிப்பட்டவர் உங்களிடம் கேட்டது என்ன? சம்பளம் இல்லை, பட்டம் இல்லை. பயிற்சியாளரே தேர்வுக்குழுவுக்குத் தலைவராக இருக்க வேண்டும், ஆலோசகர்களை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். லனெல்லியில் அவர் அப்படித்தான் வேலை செய்தார். நீங்களோ 'பிக் ஃபைவ்' என்ற ஐவர் தேர்வுக்குழுவை விடவில்லை. வேறொருவர் பொறுக்கித் தந்த பதினைந்து பேரை வைத்துக்கொண்டு தோல்விக்கு மட்டும் பொறுப்பேற்பது என்ன நியாயம்?

அவர் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்கு முன்பே தெரியும். 1970-ல் தென்னாப்பிரிக்க அணி லனெல்லிக்கு வந்தபோது தன் வீரர்களைத் தயார்செய்து மைதானத்துக்கு அனுப்பினார். அப்புறம் நிறவெறியை எதிர்த்து, ஆட்டம் முடியும்வரை டிரெஸ்ஸிங் ரூமிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு வேல்ஸ் பயிற்சியாளராக வந்த ஜான் டாவ்ஸ் நன்றாகவே செய்தார். 1976, 1978 இரண்டிலும் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐந்து நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றிகள்தான் உங்கள் ஏற்பாட்டின் குறையை மூடி வைத்தன என்பது என் எண்ணம். கார்வினோ இத்தாலியின் ரொவீகோவுக்குப் போய் அந்த கிளப்பை சாம்பியனாக்கினார். 1983 ஜனவரியில், 53 வயதில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். வேல்ஸ் அணிக்கு ஒருநாள்கூடப் பயிற்சி கொடுக்காமலே.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பயிற்சியாளர் வகுப்புகளின் முதல் நாளில் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். பயிற்சியாளரை நியமிக்கும் மேசையில் நீங்கள் உட்காரும்போதும் அதன் ஒரு நகல் உங்கள் முன்னால் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு ரக்பி ரசிகன்